பன்னிரண்டு நாற்காலிகள்

கூடி வாழ்தல் மனிதனின் இயல்பு. பொருளும் புகழும் இன்றி ஒருவன் வாழ்ந்துவிடலாம். பேச்சுத் துணையின்றி வாழ்தல் அரிது. பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறியுள்ள நமக்கு இவ்வுண்மையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இதனைத் தம் வாழ்வாலும் தூரிகையாலும் உலகிற்கு உணர்த்தியவர் ஓவியர் வின்சென்ட் வான் கோ.

அவர் 1853-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் ஹாலந்து நாட்டில் ஒரு பாதிரியாரின் மகனாகத் தோன்றினார். ஓவிய வணிக நிலையத்தில் பணியாளர், பள்ளியாசிரியர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சமய ஊழியர் எனப் பல தொழில்களில் புகுந்தார், எதிலும் நிலைத்தாரில்லை. 27-ஆம் வயதில்தான் ஓவியத்தைத் தம் தொழிலாகக் கொள்ளத் துணிந்தார். பாரிசில் ஓவிய வணிகராயிருந்த தம்பி தியோ, திங்கள்தோறும் பணம் அனுப்பித் தமையனைத் தாங்கினார்.

1885-இல் வின்சென்ட் வரைந்த உருளைக்கிழங்கு உண்போர் என்னும் ஓவியத்தில், ஏழை உழவர் ஐவர் ஒரே விளக்கின் கீழ் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். வறுமையிலும் கூடியுண்ணும் அக்காட்சி, தனியராய் வாழ்ந்த அவருடைய உள்ளத்தின் ஏக்கத்தையே காட்டுவதாக நமக்குத் தோன்றுகிறது.

1888 பிப்ரவரியில் தென்பிரான்சிலுள்ள ஆர்ல் நகருக்குச் சென்று, அங்கே நான்கு அறைகள் கொண்ட மஞ்சள் நிற வீடொன்றை வாடகைக்கு அமர்த்தினார். ஓவியர் பலர் அவ்வீட்டில் உடன்பிறந்தார் போல் கூடி உழைக்கவேண்டும் என்பது அவர் கனவு. ஒருவரே இருந்த வீட்டிற்குப் பன்னிரண்டு நாற்காலிகள் வாங்கினார்! வரவிருந்த நண்பர் பால் கோகானின் அறையை அழகு செய்யச் சூரியகாந்தி மலர்களை வரைந்தார். அக்டோபர் 23-ஆம் நாள் நண்பரும் வந்தார்.

ஆனால் இருவர் இயல்பும் ஒத்துவரவில்லை. அந்நாட்களில் வின்சென்ட் இரு நாற்காலிகளைத் தனித்தனியே வரைந்தார். ஒன்று தமது எளிய வைக்கோல் நாற்காலி, அதன்மேல் புகைக்குழாய். மற்றொன்று நண்பரின் கைவைத்த நாற்காலி. அதன்மேல் எரியும் மெழுகுவத்தி. இரண்டிலும் ஆளில்லை. டிசம்பர் 23-ஆம் நாள் இரவு அறிவு கலங்கித் தம் காதையே அறுத்துக்கொண்டார். நண்பர் பாரிசுக்குத் திரும்பிவிட்டார்.

அவ்வேளையில் உற்ற துணையாய் நின்றவர் ரூலான் என்னும் அஞ்சல் ஊழியர். ஆர்ல் புகைவண்டி நிலையத்தில் தபால் மூட்டைகளைக் கவனித்துவந்த அவ்வெளியவர், மருத்துவமனைக்குச் சென்று பார்த்து, தியோவுக்கும் கடிதம் எழுதினார். அவருடைய குடும்பத்தார் அனைவரையும் வின்சென்ட் வரைந்துள்ளார். சில வாரங்களில் ரூலானுக்கு மார்செய் நகருக்கு மாற்றலாயிற்று. மாற்றல் என்றால் என்னவென்பது நம் ரயில்வேக் குடும்பங்களுக்குத் தெரியாததன்று. பின்னர் அண்டை அயலார் முப்பதின்மர் கையொப்பமிட்டு மனுக் கொடுக்க, மஞ்சள் வீடு பூட்டப்பட்டது.

ஓராண்டு மனநோய் விடுதியில் தங்கிய வின்சென்ட், 1890 ஜூலை 29-ஆம் நாள், துப்பாக்கிக் குண்டுக் காயத்தால், தம்பி அருகிருக்க உயிர் நீத்தார். அப்போது வயது 37. ஆறு திங்களில் தியோவும் மறைந்தார். 1914-இல் தியோவின் மனைவி, கணவரின் உடலைத் தமையனின் கல்லறைக்கு அருகே கொணர்ந்து அடக்கம் செய்வித்தார்.

அன்பர்களே! மனுவில் கையொப்பமிட்டோர் முப்பதின்மர். மருத்துவமனை வாயிலை மிதித்த அயலவரோ மிகச் சிலர். நம் காலனிக்குப் புதிதாக மாற்றலாகி வரும் குடும்பத்தின் கதவை முதலில் தட்டுவோர் நாமாக இருப்போமாக. நம் சங்கத்தில் நாற்காலிகளுக்குக் குறைவில்லை.