கல்லில் தன்னைக் கண்ட காவலன்

வேலூரினின்று ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிச் செல்வோர் பாலாற்றின் மருங்கில் முதற்கண் உணர்வது தோல் பதனிடும் சாலைகளின் நாற்றமே. இப்பகுதியிற் பிறந்த நம்மை நோக்கி, தோலையன்றி இவ்வூர்களுக்குப் பழம்பெருமை யாதுளது எனப் பிறவூர் நண்பர் வினவுதல் உண்டு. பாட்டனார்க்கு மேல் முன்னோர் பெயரறியாத நாம் அவ்வினாவிற்கு விடையின்றி நெடுநாள் நாணி நின்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலப் புகுந்தபின் அவ்விடைக்கு நமக்கு வழிகாட்டியவன் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன். அவன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

மகேந்திரன் சிம்மவிஷ்ணுவின் மைந்தன். காஞ்சிமாநகரைத் தலைநகராகக் கொண்டு ஏறத்தாழ 590 முதல் 630 வரை ஆண்டவன். தந்தை திருமாலடியார். மகனோ முதலிற் சமண் சமயத்தைச் சார்ந்திருந்து, பின்னர்த் திருநாவுக்கரசராற் சைவனாயினன் என்பது மரபு. அங்ஙனம் மாறிய வேந்தன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் எனப் பெரிய புராணம் கூறும். சமயம் மாறினோர் தாம் விட்டுவந்ததை இகழ்தல் எளிது. அப்பிழை இவ்வரசனையும் பற்றியது போலும். எனினும் அவன் நகைக்கத் தெரிந்தவன். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நாடகத்தை இயற்றிப் பௌத்தத் துறவியை மட்டுமன்றிச் சைவக் கிளையினராகிய காபாலிகரையும் பாசுபதரையும் எள்ளினான்.

போர்க்களத்தில் அவன் பெற்ற புகழ் ஐயத்திற்கு இடமானது. சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி படையெடுத்த காலைப் பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின் ஒடுங்கினான் என 634-ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டுப் பேசும். புள்ளலூரில் பகைவரை மகேந்திரன் வென்றான் எனக் காசாக்குடிச் செப்பேடு கூறும். வாளால் உறுதிப்படாத தன் பெயரை அவன் உளியால் உறுதிசெய்தான்.

அவன் காலத்திற்கு முன் தமிழகத்துக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்தவை. கல்லோ வீழ்ந்த வீரர்க்கு உரியதாயிருந்தது. காட்சி முதலாக நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியமும் வகுத்துரைக்கின்றது. இறந்தார்க்குரியது என்னும் எண்ணத்தாலேயே கோயிலுக்குக் கல்லை விலக்கினர் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். மகேந்திரன் அவ்விலக்கைக் கடந்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியன இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை ஆக்கினான் என மண்டகப்பட்டுக் கல்வெட்டு அறிவிக்கும்.

கருங்கல் எளிதில் இணங்குவதன்று. பாறை முகத்தைக் கட்டங்களாக வகுத்து, கோடுதோறும் உளியாற் பள்ளம் பறித்து, இடைநின்ற கல்லைச் சிறிது சிறிதாகப் பெயர்த்துள்ளே செல்லவேண்டும். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாது நின்ற குடைவரைகள் இம்முறையை இன்றும் காட்டுகின்றன. கட்டிய சுவரைப் பிரித்துக் கட்டலாம். குடைந்த பாறையில் ஓரடி பிழைப்பின் அதனை மீட்டல் அரிது.

திருச்சிராப்பள்ளி மலையில் அவன் அமைத்த குடைவரையிலே சிவபெருமான் கங்கையைச் சடையில் ஏற்கும் பழங்கதை உருப்பெற்றுள்ளது. ஆறுகளை விரும்பும் இறைவன் காவிரியையும் விரும்புவாரோ என அஞ்சி உமையம்மை தந்தை குலத்தை விட்டு அம்மலையில் வந்து தங்கினாள் என ஆங்குள்ள கல்வெட்டுக் கதையை நம் நாட்டாற்றோடு பிணைக்கின்றது. இறைவன் திருவுருவோடு அரசனையும் அது சேர்த்துப் பேசுதலின், அவ்வடிவில் மகேந்திரன் சாயலும் உண்டு எனக் கொள்வாரும் உளர்.

நம் பகுதிக்கு அணித்தாக, இற்றை இராணிப்பேட்டை மாவட்டத்தில், சோளிங்கர்க்கும் அரக்கோணத்திற்கும் இடையே மகேந்திரவாடி உளது. அங்குச் சென்று, ஒரு தனிப்பாறையைக் குடைந்த சிறு கோயிலின்முன் நின்றோம். தூண்கள் மேலும் கீழும் சதுரமாய், இடையில் எண்பட்டையாய், அணி மிகாது நிற்கின்றன. ஊர் மகேந்திரபுரம், ஏரி மகேந்திர தடாகம், கோயில் மகேந்திர விஷ்ணுகிருகம் என மூன்றற்கும் தன் பெயரையே அவன் இட்டான். இதனைத் தற்பெருமை என்றே முதலில் எண்ணினோம். ஆயினும் அக்கோயில் அவன் தந்தை வணங்கிய திருமாலுக்குரியது என்பது நம் எண்ணத்தை மாற்றியது. எச்சமயத்தைச் சார்ந்தானாயினும் தந்தையின் தெய்வத்திற்கும் அவன் பாறையில் இடம் வகுத்தான். பாட்டனார் காலத்திற் சமயம் மாறிய குடியிற் பிறந்த நமக்கு அஃது ஆழ்ந்த ஆறுதலாயிற்று.

அவ்வரசனது 34-ஆம் ஆட்சியாண்டில், செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. எருமைகளைக் காத்து வீழ்ந்த கருந்தேவகத்தி என்பானுக்கு எடுத்தது அது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவும் பெயரும் அக்கல்லில் உள. வேந்தன் பெயர் நின்ற கல்லிலேயே எருமை காத்தானுக்கும் அவன் நாய்க்கும் இடம் கிடைத்தது. பின்னர் 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் ஆட்சியில், நுளம்பன் படையினின்று ஆநிரை காத்து மாண்டார்க்கு எடுத்த நடுகற்கள் நம் ஆம்பூரிலேயே கிடைத்துள்ளன.

நண்பர்காள்! ஆவும் எருமையும் தந்த தோலால் வாழும் ஊர் நம்முடையது. அவற்றைக் காத்து உயிர்நீத்தோர் இந்நிலத்தினர். அவர் நம் குருதிவழி முன்னோரோ என்பதைக் கல் உரைப்பதில்லை. எனினும் அவர் நின்ற மண்ணில் நாம் நிற்கின்றோம். வரப்பிலும் புதரிலும் சாய்ந்து கிடக்கும் கல்லைக் காணின், அதனைத் துவைகல்லாக்க விடாது, மண்ணைத் துடைத்து எழுத்துளதோ என நோக்குமின். உம்மூர்க்குத் தோலையன்றி யாதுளது என இனி ஒருவர் வினவின், நாம் நாணாது அவரை அக்கல்லினிடம் அழைத்துச் செல்வோம்.