இசைக்கருவிகளை எடைபோட்ட இராமன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சர் சி. வி. இராமன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஒளிச்சிதறலும் 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசும்தாம். ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடும்போதும் மேடையில் அதையே பேசுகிறோம். ஆனால் அந்தப் பரிசுக்கு முன்பு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, அம்மேதை தம் உழைப்பில் பெரும்பங்கை வயலினுக்கும் வீணைக்கும் தம்புராவுக்கும் மிருதங்கத்துக்கும் கொடுத்திருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்த இராமனைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பெசன்ட் நகரில் எங்கள் குப்பத்து நண்பன் ஒருவன் விடியலில் கடலுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேளாங்கண்ணி மாதா ஆலயப் பாடற்குழுவில் மின்கிதார் வாசிக்கிறான். வலை இழுத்து இழுத்துத் தோள் வலி கண்டவன். அவனுக்கு ஓர் ஆசை பிறந்திருக்கிறது. இப்போது வெளிநாடுகளில் சிறு பட்டறைகள் கையால் செய்யும் மின்கிதார்கள் வருகின்றன. அவற்றுக்குத் தலைப்பகுதியே இல்லை. உடலுக்கு ஒத்தாற்போல் வளைத்துச் செதுக்கிய மிக இலேசான கருவிகள். விலையோ லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தப் பணத்துக்கு எங்கள் கரையில் ஒரு ஃபைபர் படகுக்கு எஞ்சின் வாங்கிவிடலாம். கடன் வாங்கியாவது அதை வாங்கலாமா, சொல்லும் அளவுக்கு அதில் சரக்கு உண்டா என்று என்னிடம் கேட்டான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் என்பதால், எதைக் கேட்டாலும் என்னிடம் விடை இருக்கும் என்று எங்கள் தெருவில் நம்புகிறார்கள்! விடை தேடி நூலகத்துக்குப் போன இடத்தில்தான் இராமன் அவர்களைச் சந்தித்தேன்.

அவர் பிறந்தது திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த விரிவுரையாளர். வயலின் வாசிக்கவும் வல்லவர். ஆக, வீட்டில் புத்தக அலமாரியும் வயலினும் அருகருகே இருந்தன. பதினொன்றாம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய சிறுவன் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தான். அடுத்த ஆண்டே பி.ஏ. தேர்வில் முதலிடமும் தங்கப் பதக்கமும் பெற்றான். மாணவப் பருவத்தில் அவர் மனத்தை ஆட்கொண்ட நூல்களுள் ஒன்று, செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசை ஒலிகளைப் பற்றி எழுதிய பெருநூல். 1906இல் இலண்டன் ஏடொன்றில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்தபோது வயது பதினெட்டு. நம் வகுப்பில் பலருக்கு ஆய்வகக் குறிப்பேட்டை உரிய நாளில் ஒப்படைப்பதே பெரும்பாடாயிருக்கும் வயது அது!

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடந்தரவில்லை. அந்நாட்டுக் குளிரைத் தாங்கமாட்டார் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 1907இல் எம்.ஏ. முடித்து, நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, அரசுக் கணக்கு அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அதே ஆண்டில் அவர் மணந்த லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிப்பவர்.

கல்கத்தாவில் பௌபஜார் தெருவின் 210ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் நிறுவிய அக்கழகம் அப்போது ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருந்தது. டிராம் வண்டியில் போகும்போது அதன் பெயர்ப்பலகையைக் கண்ட இராமன் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே. கழகத்தில் உதவியாளராய் இருந்த இவர் பல்கலைக்கழகப் படிகளை ஏறாதவர். பிற்காலத்தில் இராமனோடு சேர்ந்து இவர் பெயரும் ஆய்வுக் கட்டுரைகளில் அச்சேறியது. இராமனின் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்த செய்தி நோபல் பரிசன்று, இதுதான்.

அலுவலகத்துக்கு முன்பு விடியற்காலையிலும், அலுவலகம் விட்டபின் இரவு வரையிலும் ஆய்வு. அதிர்வுகளையும் ஒலியையும் அவர் கையில் எடுத்ததற்கு இசைப்பற்று ஒரு காரணம் என்றால், வசதி இன்னொரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு கம்பியும் ஓர் இசைக்கவையும் இருந்தால் தொடங்கிவிடலாமே! அவருடைய தொடக்க காலக் கட்டுரைகளில் ஒன்று 1909இல் எழுதியது. அதன் பொருள் ஏக்தாரா. வங்கத்தில் பாடிப் பிச்சை ஏற்போர் தோளில் மாட்டிச் செல்லும் ஒற்றை நரம்புக் கருவி அது. உலகிலேயே மலிவான இசைக்கருவிகளுள் ஒன்றாக இருக்கும்.

பின்னர் வயலினுக்கு வந்தார். வயலின் நல்லதா அல்லவா என்பதை வாசிப்பவர் சொல்ல வேண்டும். ஆனால் வாசிப்பவரின் கையும் மனமும் நாளுக்கு நாள் மாறும். அந்தக் கையை நீக்கிவிட்டால் என்ன என்று இராமன் எண்ணினார். 1920இல் அவர் விவரித்த இயந்திரம் தானே வயலின் வாசித்தது. அதில் வில் நிலையாக நிற்கும். மோட்டாரால் இழுக்கப்பட்டு வயலின் முன்னும் பின்னும் போய்வரும்! ஒவ்வொரு சுரத்துக்கும் ஒலி பிசிறாமல் நிற்க வில்லுக்குக் குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளந்தார். வில் விரைவாகப் போனால் அழுத்தம் கூடுதலாக வேண்டும். குதிரையை நெருங்க நெருங்க அது வேகமாக ஏறும். முக்கியமானது இனிமேல்தான். வயலின் உடலின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் சுரங்களில் நரம்பின் ஆற்றலை மரம் மிகுதியாக வாங்கிக்கொள்வதால், அங்கே வில்லின் அழுத்தமும் உயர வேண்டியிருந்தது. அழுத்தத்தையும் சுரத்தையும் வரைபடமாக இட்டால் அந்த வயலினின் உடற்கூறு காகிதத்தில் தெரியும். அதில் செய்தவர் பெயருக்கும் விலைச்சீட்டுக்கும் இடமில்லை.

அடுத்து வந்தவை நம் வீணையும் தம்புராவும். ஒரு கம்பியை ஓரிடத்தில் மீட்டினால், அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் ஒலியில் எழக்கூடாது என்பது யங் என்னும் ஆங்கில அறிஞரின் விதி. சோனாமீட்டரில் நாம் எல்லோரும் இதைப் பார்க்கலாம். ஆனால் தம்புராவிலும் வீணையிலும் அந்தச் சுரங்கள் இருந்தன, வலுவாகவே இருந்தன. காரணம் குதிரை. வயலினின் குதிரை கூரிய விளிம்பு உடையது. வீணையின் குதிரை மேலே உலோகத் தகடு பதித்து மெல்ல வளைந்தது. கம்பி அதன்மேல் தழுவிப் படர்ந்து பிரிகிறது. தம்புராவிலோ கம்பிக்கும் குதிரைக்கும் இடையே ஒரு சிறு நூலைச் செருகி, கம்பி தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செய்கிறார்கள். ஜீவா என்று அதற்குப் பெயரிட்டவர் யாரோ, சரியாகத்தான் பெயரிட்டிருக்கிறார். காலணா பெறாத நூல் ஒன்று ஐரோப்பிய விதியைப் புரட்டிப்போட்டதை 1921இல் இராமன் உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

இங்கே என் நண்பனுடைய கேள்விக்குத் திரும்புகிறேன். இராமனின் வழியில் முதலில் கேட்க வேண்டியது, ஒலி எந்த வழியாகப் போகிறது என்பதே. வீணையில் கம்பியின் அதிர்வு குதிரை வழியாகப் பலாமரக் குடத்தில் இறங்கி அங்கிருந்து காற்றுக்குப் போகிறது. மரம் ஒலியின் பாதையிலேயே இருக்கிறது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்குக் கூடுதல் விலை கேட்டால் அதில் பொருள் இருக்கலாம். மின்கிதாரில் அப்படியன்று. எஃகுக் கம்பிக்கு அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. கம்பி அசைய, சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது; அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறோம். ஃபாரடேயின் விதி, நம் முதலாண்டுப் பாடம். மரத்தின் வேலை கம்பியை அசையாமல் தாங்கி நிற்பதே. ஆகவே வரிவரியாய் மின்னும் அரிய மரத்துக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கண்ணுக்கே போகிறது, காதுக்கு அன்று.

ஆனால் வடிவத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. பழைய வகைக் கிதார்களில் சில 4 கிலோவுக்கு மேல் இருக்கும். இந்தப் புதுக் கருவிகள் பல அதில் பாதிக்குச் சற்றே கூடுதல்தான். தலைப்பகுதி இல்லாததால் கழுத்து கீழே சாய்வதில்லை. இடக்கை அதைத் தாங்க வேண்டியதும் இல்லை. இது நெம்புகோல் கணக்கு, விளம்பரம் அன்று. தோள் நோகும் மீனவனுக்கு இரண்டு கிலோ பெரிய வேறுபாடு. எனினும் அதற்காக லட்சம் கொடுத்தே ஆக வேண்டுமா என்றால், இல்லை. விலா எலும்பில் இடிக்காதபடி கிதாரின் விளிம்பைச் சரித்துச் செதுக்குவதை அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1954லேயே தொழிற்சாலைக் கருவியில் செய்துவிட்டார். தலையில்லாக் கிதாரும் 1980களின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. இன்று அதே அமைப்பில் எளிய விலைக் கருவிகளும் உண்டு. மேலும் ஒருவர் உடலுக்கு ஒத்த வளைவு இன்னொருவர் உடலுக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை. கையால் செய்த கருவியைப் பெரும்பாலும் தொட்டுப் பார்க்காமலே வரவழைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆக, தோளுக்குக் கொடுத்த வாக்கை அக்கருவி காப்பாற்றும். காதுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு கருவிகளையும் வாசித்துப் பார்க்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். வயலின் உலகில் அவ்வாறு செய்து பார்த்துவிட்டார்கள். 2012இல் பாரிஸ் அருகே புகழ்பெற்ற பத்துக் கலைஞர்கள், இருட்டுக் கண்ணாடி அணிந்து, கோடிக்கணக்கில் விலைபோகும் பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் வாசித்தனர். அவர்களில் ஆறு பேர் தமக்கு வேண்டுமென்று தேர்ந்தெடுத்தது புதிய வயலின்களையே.

இதனால் இராமனை விலையுயர்ந்த பொருளுக்குப் பகைவர் என்று எண்ணிவிடக் கூடாது. 1917இல் நல்ல சம்பளமுள்ள அரசுப் பதவியை உதறிக் குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்குச் சென்ற கப்பற்பயணத்தில் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் திருப்பியது. 1928 பிப்ரவரி 28இல் முடிந்த அந்தத் தேடலுக்கு ஆன கருவிச் செலவு ஏறத்தாழ 200 ரூபாய் என்பார்கள். ஆனால் சூரிய ஒளியைக் குவிக்க 7 அங்குலத் தொலைநோக்கி அவருக்குத் தேவைப்பட்டது; அதை அவர் மலிவுப் பொருளால் ஈடுகட்டப் பார்க்கவில்லை. பின்னாளில் படிக ஆய்வுக்காக வைரங்களையே விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தார். எங்கே செலவு செய்தால் உண்மை வெளிப்படுமோ அங்கே செலவிட்டார். அந்தத் தேடலில் உடன் உழைத்தவர் நம் வத்திராயிருப்பு தந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேடைகளில் அவர் பெயர் ஏனோ விடுபட்டுப் போகிறது.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அந்த ஆண்டில் ஒரு குறை. கமலா பாகவத் என்ற மாணவி பெண் என்பதற்காகவே அவருக்கு முதலில் இடம் மறுத்தார். பின்னர் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். அம்மாணவி பிற்காலத்தில் கமலா சோஹோனி என்ற பெயரில் சிறந்த உயிர்வேதியியல் அறிஞராக விளங்கினார். ஏக்தாராவையும் வயலினையும் ஒரே கண்ணால் பார்க்கத் தெரிந்தவர், ஒரு மாணவியை அவள் வேலையைப் பார்த்து எடைபோட முதலில் மறுத்தது வருத்தம் தருகிறது. நம் வகுப்புத் தோழியர் என்னை இந்த வரிகளை எழுத வைத்தார்கள் என்று எண்ண வேண்டாம், நானாகவே எழுதுகிறேன்.

அடுத்த ஆண்டு, 1934இல், தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஏட்டில் நம் முழவுகளைப் பற்றி விரிவாக எழுதினார். சாதாரணத் தோற்கருவியின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. அதனால் அது இரைச்சலாக ஒலிக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் அப்பும் கருங்கரணை தோலின் பாரத்தைத் திருத்தி, முதல் ஐந்து சுரங்களை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அதிர்வின் வடிவங்களைக் கண்ணால் கண்டு இதை நிறுவினார். மாவும் பொடியும் பிசைந்து தேய்த்துக் காயவைக்கும் அந்தக் கைவினைஞர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்லர்.

1948இல் பெங்களூரில் தமக்கென ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவி, கடைசிவரை அங்கேயே நிறங்களையும் மலர்களையும் படிகங்களையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அவர் விரும்பியபடியே அந்நிலையத்துத் தோட்டத்திலேயே உடலுக்கு எரியூட்டினார்கள். அவ்விடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பவில்லை. ஒரு மரத்தை நட்டார்கள்.