சில்கூட் கணவாயைக் கடந்த பெண்மணி

காலை மணி அடித்ததும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறோம். இரண்டாம் மாடியை எட்டுவதற்குள் நமக்கு மூச்சு வாங்குகிறது. பையின் கனத்தைப் பற்றி ஆளுக்கொரு குறை சொல்கிறோம். பனிக்கட்டியிலே வெட்டிய சுமார் 1,500 படிகளில், ஓராண்டுக்கு வேண்டிய உணவைச் சுமந்துகொண்டு ஏறிய மக்களை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் நம் குறை சற்று அடங்கும். அந்த மலையை நீண்ட பாவாடையோடு ஏறிக் கடந்தார் ஒரு பெண்மணி. அவர் பெயர் மார்த்தா பிளாக். பூவுலகின் வடகோடியில் ஒரு காட்டுப் பாதை அவருடைய வாழ்வை எப்படி மாற்றியது என்பதை இங்கே காண்போம்.

மார்த்தா லூயிஸ் மங்கர் 1866ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயது நடந்தபோது, 1871இல், அந்நகரில் பெருந்தீ மூண்டது. தந்தையார் நடத்தி வந்த சலவைத் தொழில் சாம்பலாயிற்று. அவரோ மனம் தளராமல் மீண்டும் தொழில் தொடங்கிச் செல்வரானார். இழந்ததை நினைத்து உட்கார்ந்துவிடாத அந்தக் குணத்தை மகளும் பெற்றிருந்தார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பெற்றோர் மார்த்தாவை இந்தியானா மாநிலத்தின் நோட்டர்டாம் என்னுமிடத்தில் திருச்சிலுவை அருட்சகோதரியர் நடத்திய செயின்ட் மேரீஸ் கல்விக்கூடத்தில் சேர்த்தனர். நம்மைப் போலவே அவரும் கன்னியர் நடத்திய பள்ளியின் மாணவி! செடி கொடிகளைப் பற்றிய தாவர இயலில் அவருக்குப் பற்று உண்டானது அங்கேதான். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் படிப்பு எதற்குப் பயன்படப் போகிறது என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், அவராலேயே விடை சொல்லியிருக்க முடியாது.

1887இல் வில் பர்டி என்பவரை மணந்தார். இரு ஆண்மக்கள் பிறந்தனர். வசதியான வீடு, விருந்து, உறவினர் என்று பத்தாண்டுகள் ஓடின. இதற்கிடையில் 1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கனடாவின் வடமேற்கிலுள்ள யூகான் பிரதேசத்தில், கிளாண்டைக் ஆற்றில் வந்து கலக்கும் ஓர் ஓடையில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் அந்தத் தங்கத்தோடு ஒரு கப்பல் சியாட்டில் துறைமுகத்துக்கு வந்ததும், செய்தி உலகெங்கும் காட்டுத்தீயாகப் பரவிற்று. கடைக்காரரும் எழுத்தரும் ஆசிரியரும் இருந்த வேலையை விட்டுவிட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிளம்பினர் என்றும், அவர்களில் பாதிப் பேர்கூடப் போய்ச் சேரவில்லை என்றும் வரலாறு கூறுகிறது.

1898இல் மார்த்தாவும் கணவரும் தம்பி ஜார்ஜும் பயணத்துக்கு ஆயத்தமாயினர். குழந்தைகள் பாட்டனார் வீட்டில் விடப்பட்டனர். சியாட்டில் வரை வந்த பிறகு கணவரின் மனம் மாறிவிட்டது. யூகான் வேண்டாம், ஹவாய்த் தீவுகளுக்குப் போகலாம் என்றார். மார்த்தா இணங்கவில்லை. இருவரும் வெவ்வேறு திசையில் பிரிந்தனர். மீண்டும் சேர்ந்து வாழவே இல்லை. மார்த்தா தம்பியுடன் வடக்கே கப்பலேறினார்.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனது சரிதானா என்ற கேள்வி நமக்குள் எழலாம். எழுவது நியாயமே. பெரியோரின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்கள் செய்த ஒவ்வொன்றையும் மெச்ச வேண்டும் என்பதில்லை. ஆனால் எடுத்த முடிவின் பாரத்தை அவர் பிறர் தலையில் இறக்கி வைக்கவில்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

அலாஸ்காவின் கடற்கரையில் டையீ என்னும் ஊரில் தொடங்கி, சில்கூட் கணவாயைத் தாண்டி, கனடாவிலுள்ள பென்னட் ஏரியில் முடிவது அந்தப் பாதை. நீளம் 33 மைல்தான். ஆனால் கணவாயின் உச்சி கடல்மட்டத்துக்கு 3,500 அடிக்கு மேல். கடைசி ஏற்றத்திலே, அரை மைல் தூரத்துக்குள் ஏறக்குறைய ஆயிரம் அடி உயர வேண்டும். இந்த வழியைத் தங்கம் தேடி வந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. டிலிங்கிட் என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன் எண்ணெயைச் சுமந்து சென்று, உள்நாட்டு மக்களிடம் விலங்குத் தோலைப் பண்டமாற்றுச் செய்துவந்த வணிகப் பாதை அது. பொன்வேட்டைக் காலத்தில் அம்மக்கள் சுமைதூக்கிகளாகவும் வழிகாட்டிகளாகவும் உழைத்தனர்.

உச்சியிலே கனடாவின் குதிரைப்படைப் போலீசார் காவலிருந்தனர். ஓராண்டுக்குரிய உணவும் தட்டுமுட்டுச் சாமான்களும் இல்லாதவரை அவர்கள் உள்ளே விடவில்லை. இரக்கமற்ற சட்டமாகத் தோன்றினாலும், பட்டினிச் சாவைத் தடுத்தது இந்தச் சட்டம்தான். ஓர் ஆளுக்குரிய சாமானின் எடை ஏறத்தாழ ஒரு டன். கூலிக்கு ஆள் வைக்க இயலாதவர் முதுகில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முப்பது நாற்பது தடவை அதே மலையில் ஏறி இறங்கினர். குளிர்காலத்தில் பனியில் படிகள் வெட்டப்பட்டன. அவற்றுக்குப் பொற்படிகள் என்று பெயர் வைத்தார்கள்! 1898 ஏப்ரல் 3ஆம் நாள், குருத்தோலை ஞாயிறன்று, பெரும் பனிச்சரிவு ஏற்பட்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரோடு புதைந்தனர். அது நடந்து மூன்று திங்கள் கழித்து மார்த்தா அவ்வழியே வந்தார்.

1898 ஜூலை 12ஆம் நாள் அவர் கணவாயை ஏறினார். சாமான்களைச் சுமக்கக் கூலியாட்கள் இருந்தனர்; உடலைச் சுமக்க யார் வருவார்? அக்காலத்து நாகரிகப்படி கனத்த துணியில் தைத்த நீண்ட பாவாடை, கழுத்தை இறுக்கும் விறைப்பான பட்டி, உள்ளே இடுப்பை நெருக்கும் கச்சை. பாறைக்குப் பாறை தாவ வேண்டிய இடத்தில் இந்த உடை ஒவ்வோர் அடியிலும் தடுத்தது. அவர் வயிற்றிலோ மூன்றாவது குழந்தை உருவாகியிருந்தது. உச்சியை நெருங்குகையில் வழுக்கி விழுந்து, கூரிய கல்லில் காலைக் கிழித்துக்கொண்டார். வலி தாளாமல் உட்கார்ந்து அழுதுவிட்டார். தம்பி கடிந்துகொண்டான். அழுகையை அடக்கி எழுந்து நடந்தார்.

அவர் அழுததை மறைக்காமல் பிற்காலத்தில் தாமே எழுதிவைத்தார். நமக்கு இதுவே பெரிய ஆறுதல். வீரம் என்றால் கண்ணீர் வராதிருப்பதன்று. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடியை வைப்பதே.

பென்னட் ஏரியிலிருந்து ஆற்றுவழியே நூற்றுக்கணக்கான மைல் படகில் சென்று, ஆகஸ்டு 5ஆம் நாள் டாசன் நகரை அடைந்தனர். பொன் மலிந்து கிடக்கும் என்று எண்ணிய ஊரில் பொருள்களின் விலைதான் மலையேறிக் கிடந்தது. நல்ல நிலங்களெல்லாம் முன்னமே பிறர் கைக்குப் போய்விட்டன. மருத்துவமனைச் செலவுக்கு வழியில்லை. ஆகவே 1899 ஜனவரி 31ஆம் நாள், கடுங்குளிரில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு குடிலில் மார்த்தா ஆண் குழந்தையைப் பெற்றார். அக்குழந்தைக்கு லைமன் என்று பெயரிட்டார். சுற்றுவட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளர் பலர் குழந்தையைப் பார்க்க வந்தனர். ஊரிலே தம் பிள்ளைகளை விட்டு வந்தவர்கள் அவர்கள். பொன்துகளும் பொன்கட்டியும் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஆண்டின் கோடையில் தந்தையார் நேரில் வந்து மகளையும் பேரனையும் கான்சாஸ் மாநிலத்திலிருந்த தம் பண்ணை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே எல்லா வசதியும் இருந்தன. பிரிந்த பிள்ளைகளும் கிடைத்தனர். ஆனால் மார்த்தாவின் உள்ளம் வடக்கிலேயே கிடந்தது. 1900இல் மீண்டும் யூகானுக்குத் திரும்பினார். முதல் தடவை அவரை இழுத்தது பொன். இரண்டாம் தடவை இழுத்தது அந்த நாடே. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

டாசனில் மரம் அறுக்கும் ஆலையொன்றைத் தாமே நிருவகித்தார். பெண்ணின் சொற்படி வேலை செய்வதா என்று முணுமுணுத்த ஆண்களும் இருந்தனர். அவர்களையும் வைத்து ஆலையை நடத்திக் காட்டினார். 1904இல் ஜார்ஜ் பிளாக் என்னும் வழக்கறிஞரை மணந்தார். 1912இல் ஜார்ஜ் யூகானின் ஆணையாளரானபோது, அரசு மாளிகையின் கதவு ஊரார் அனைவருக்கும் திறந்தது. குடிலில் வாழ்ந்த நாளை அம்மையார் மறக்கவில்லை.

இனி, பள்ளியிலே கற்ற தாவர இயல் என்னவாயிற்று? வடநாட்டுக் கோடை மிகக் குறுகியது. அந்தச் சில வாரங்களுக்குள் மலைச்சரிவெங்கும் காட்டுப் பூக்கள் பூத்து மறைகின்றன. அம்மையார் கால்நடையாகவே சென்று அவற்றைச் சேகரித்தார். இதழ் கலையாமல் அழுத்தி உலர்த்தி, வண்ணம் தீட்டிய தாள்மேல் அழகுற அமைத்தார். 1909இல் சியாட்டிலில் நடந்த பெரிய பொருட்காட்சியில் அவருடைய யூகான் பூக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிற்காலத்தில் கணவர் எடுத்த புகைப்படங்களோடு யூகானின் காட்டுப் பூக்களைப் பற்றி நூலும் எழுதினார். பனியும் பொன்னும் மட்டுமே உள்ள நாடு என்று உலகம் எண்ணியிருந்த இடத்துக்கு, பூக்களும் உண்டு என்று எடுத்துக் காட்டியவர் அவர்.

முதல் உலகப்போரில் ஜார்ஜ் யூகான் வீரர்களைத் திரட்டிச் சென்றார். அம்மையார் உடன் போக அனுமதி பெற்று, வீரர்கள் நிறைந்த கப்பலில் ஒரே பெண்ணாக அட்லாண்டிக் கடலைக் கடந்தார். இங்கிலாந்தில் தங்கி வீரர்களுக்குத் துணைபுரிந்ததோடு, யூகானைப் பற்றி ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். லண்டனின் ராயல் புவியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

ஜார்ஜ் பிளாக் 1921 முதல் கனடா நாடாளுமன்றத்தில் யூகானின் பிரதிநிதியாக இருந்தார். 1935 தேர்தலின்போது அவர் நோயுற்றதால், ஏறக்குறைய எழுபது வயதான மார்த்தா போட்டியிட்டார். பரந்த நாடு, மக்கள் தொகையோ மிகக் குறைவு. படகிலும் மோட்டாரிலும் விமானத்திலும் கால்நடையாகவும் சென்று வாக்குக் கேட்டார். 134 வாக்கு வேறுபாட்டில் வென்று, கனடா மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாவது பெண்மணி என்னும் பெருமை பெற்றார். 1940 வரை அப்பணியைச் செய்து, நலம் பெற்ற கணவரிடமே ஒப்படைத்தார். 1957 அக்டோபர் 31ஆம் நாள் யூகானின் வைட்ஹார்ஸ் நகரில், 91ஆம் வயதில் மறைந்தார்.

அவர் ஏறிய பாதை என்னவாயிற்று? 1900இல் அண்டைக் கணவாய் வழியே இரயில் பாதை முடிந்ததும், சில்கூட் வழியில் நடப்பார் இல்லை. டையீ ஊரே மறைந்தது. 1976இல் அமெரிக்கா தன் பகுதியைத் தேசியப் பூங்காவாக்கிப் பாதுகாத்தது. கனடாவும் தன் பகுதியைப் போற்றிக் காத்தது. அந்தப் பாதையில் நடக்கும் மலைப்பயணிகள் வழியிலே துருப்பிடித்த அடுப்புகளையும் கிழிந்த காலணிகளையும் காண்பதுண்டு. தாங்க மாட்டாமல் மக்கள் எறிந்துவிட்டுப் போன சுமைகள் அவை. எதையும் எடுத்துச் செல்லக் கூடாது என்பது சட்டம்.

அத்தனை சுமைகளுக்கிடையே மார்த்தா எறியாத சுமை ஒன்று இருந்தது. போலீசார் எடை போடாத சுமை அது; பள்ளியில் அவர் பெற்ற கல்வி. ஃபயர்வீட் என்றொரு செடி உண்டு. தீப்பட்டுக் கருகிய நிலத்தில் முதலில் முளைத்துச் செவ்வூதா நிறத்தில் பூப்பது அது. அதைத்தான் யூகான் தன் சின்னப் பூவாக ஏற்றது. அம்மையார் மறைந்த அதே 1957ஆம் ஆண்டில்! சிறுவயதில் தீயைக் கண்டு, நடுவயதில் வாழ்வு சிதைந்தும் மீண்டும் பூத்த அவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறென்ன வேண்டும்?

நாளைக் காலையில் மீண்டும் மணி அடிக்கும். பை கனக்கத்தான் செய்யும். அதனுள்ளே நமக்கு இன்று பயன் தெரியாத ஏதோ ஒரு பாடம், என்றோ ஒரு மலையைத் தாண்டியபின் நமக்காகப் பூக்கக் காத்திருக்கலாம். சுமந்துகொண்டே படியேறுவோம்!