அரைப்புள்ளி தந்த அச்சுக்காரர்



லேப்பில் உட்கார்ந்து சி.எஸ்.எஸ். எழுதிப் பழகியவர் எவருக்கும் அரைப்புள்ளியின் அருமை தெரியும். ஒரு வரியின் முடிவில் அதைப் போட மறந்தால் போதும், அந்த வரியும் கெடும், அடுத்த வரியையும் சேர்த்துக் கெடுக்கும். தப்பு எங்கே என்று தேடுவதற்குள் பீரியடே முடிந்துவிடும்!

இந்த அரைப்புள்ளி எங்கிருந்து வந்தது? நாம் ஒரே வரியில் போட்டுவிடுகிற சாய்வெழுத்து எங்கிருந்து வந்தது? இரண்டு கேள்விகளும் ஒரே வாசலில்தான் போய் நிற்கின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்த ஓர் அச்சகத்தின் வாசல் அது. அதை நடத்தியவர் ஆல்டஸ் மனூஷியஸ். கம்ப்யூட்டரைக் கனவிலும் கண்டறியாத இந்த மனிதர், வெப் பக்கத்தின் முகப்பை வடிவமைக்கும் நமக்கு முன்னோடி என்றால் அது மிகையல்ல.

வாத்தியார் அச்சுக்காரர் ஆனார்

ரோம் நகருக்குத் தெற்கே பஸ்ஸியானோ என்ற சிற்றூரில், 1450-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தவர் ஆல்டஸ். ரோமில் லத்தீனும், ஃபெராரா நகரில் கிரேக்கமும் படித்தார். பிறகு கார்ப்பி என்ற சிற்றரசின் இளவரசர்களுக்கு ஆசிரியராக இருந்தார். கிட்டத்தட்ட நாற்பது வயது வரைக்கும் அவர் வாத்தியார்தான், அச்சுத் தொழிலில் அனுபவம் கிடையாது.

பாடம் சொல்லித் தர நல்ல கிரேக்க நூல்கள் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய குறை. இருந்தவை பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகள், அவையும் பணக்காரர் வீட்டு அலமாரியில்! 1490-ஐ ஒட்டி வெனிஸ் நகருக்கு வந்தார். அப்போது ஐரோப்பாவிலேயே அச்சுத் தொழில் கொடிகட்டிப் பறந்த ஊர் அது. கிரேக்க அறிஞர்களும் அங்கே நிறையப் பேர் குடியேறியிருந்தார்கள்.

ஆனால் கையில் முதல் இல்லாமல் அச்சகம் எப்படி வைப்பது? தொழில் தெரிந்த ஆன்ட்ரியா டொரெசானியும், செல்வாக்குள்ள பார்பரிகோ குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் பணம் போட்டார்கள். 1495-இல் தேதியிட்ட முதல் புத்தகம் வெளிவந்தது. அது ஒரு கிரேக்க இலக்கண நூல். 1495 முதல் 1498-க்குள் அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கிரேக்க மூலத்தில் ஐந்து பெரிய தொகுதிகளாக அச்சிட்டு முடித்தார்.

காலும் அரையும் முக்காலும்

1496-இல் பியெத்ரோ பெம்போ என்ற இளைஞர் எட்னா எரிமலை ஏறியதைப் பற்றி எழுதிய சின்ன நூல் ஒன்றை ஆல்டஸ் அச்சிட்டார். அரைப்புள்ளி என்ற குறி அச்சில் தலைகாட்டியது அந்த நூலில்தான். காற்புள்ளி கொடுக்கும் நிறுத்தம் போதவில்லை, முக்காற்புள்ளி கொடுக்கும் நிறுத்தமோ அதிகம், இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்பதற்காக வந்த குறி அது. தமிழில் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: கால், அரை, முக்கால்! காரணம் பெயரிலேயே இருக்கிறது.

படிப்பவர் எந்த இடத்தில் எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்று யோசித்தவர்கள் உண்டாக்கிய குறி, இன்றைக்கு ஒரு கட்டளை எங்கே முடிகிறது என்று பிரௌசருக்குச் சொல்கிறது. அந்த நூலுக்காகச் செதுக்கிய எழுத்தைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் பிரான்சின் கரமோன் வகை எழுத்துகள் வளர்ந்தன. 1929-இல் மோனோடைப் நிறுவனம் அதே எழுத்தைப் புதுப்பித்து பெம்போ என்றே பெயர் வைத்தது.

கைக்கு அடங்கிய புத்தகம்

1501-ஆம் ஆண்டுதான் ஆல்டஸின் வாழ்வில் பெரிய ஆண்டு. அதுவரை இலக்கியப் பெருநூல்கள் என்றால் மேஜைமேல் விரித்து வைத்துப் படிக்க வேண்டிய கனத்த புத்தகங்கள். நடுவில் கொஞ்சம் மூலம், சுற்றிலும் பொடி எழுத்தில் உரை. ஆல்டஸ் என்ன செய்தார்? உரையை எல்லாம் எடுத்தார். தாளை மூன்று முறை மடித்து எட்டு இதழாக்கினார். வர்ஜில் என்ற லத்தீன் கவிஞரின் நூலைக் கைக்கடக்கமாகக் கொண்டுவந்தார். சின்ன அளவில் ஜெபப் புத்தகங்கள் முன்பே உண்டு. இலக்கியத்தை அப்படி வரிசையாகப் போட்டதுதான் புதுசு. குதிரையில் போகிறவரும், தோட்டத்தில் உலாவுகிறவரும் படிக்க முடிந்தது.

2010-இல் ஈதன் மார்காட் என்ற வடிவமைப்பாளர், திரையின் அளவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் பக்கத்துக்கு ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் என்று பெயர் சூட்டினார். நாம் மீடியா குவெரி எழுதி செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பக்கத்தை மாற்றி அமைக்கிறோம். கருவி புதிது, கேள்வி பழையது: படிக்கிறவர் கையில் என்ன இருக்கிறது, எங்கே உட்கார்ந்து படிக்கிறார்? சின்னத் திரைக்குப் பக்கம் போடும்போது எழுத்தை மட்டும் குறுக்கினால் போதாது, வேண்டாததை எடுக்கவும் துணிய வேண்டும். ஆல்டஸ் அதைத்தான் செய்தார்.

அந்த வர்ஜில் நூல் முழுவதும் சாய்வெழுத்தில் அச்சானது. அறிஞர்கள் வேகமாக எழுதும் கையெழுத்தின் சாயலில் செய்தது அது. ஒரு சொல்லை அழுத்திக் காட்டுவதற்கு அப்போது அது பயன்படவில்லை, அந்த வழக்கம் பிறகு வந்தது. ஹெச்.டி.எம்.எல்.-இல் அழுத்தத்துக்கு ஒரு டேக் இருக்கிறதே, அதன் பொருள் அழுத்தம்தான், சாய்வு அல்ல. தமிழ்ப் பக்கம் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சாய்வெழுத்து கிடையாது. பிரௌசர் நேரான எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்த்துவிடும், பார்க்கச் சகிக்காது! தமிழுக்கு மட்டும் அந்த டேக்கைத் தடித்த எழுத்தாகக் காட்டும்படி சி.எஸ்.எஸ்.-இல் ஒரு விதி எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

செதுக்கிய கை

இவ்வளவு புகழும் ஆல்டஸ் ஒருவருக்குத்தானா? இல்லை நண்பர்களே! அந்த எழுத்துகளை எஃகில் செதுக்கியவர் பொலோனா நகரத்துத் தொழிலாளி பிரான்செஸ்கோ கிரிஃபோ. 1501 வர்ஜில் நூலின் தொடக்கத்தில் ஆல்டஸ் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டவே செய்தார். ஆனால் சாய்வெழுத்தைப் பயன்படுத்தும் உரிமையை வெனிஸ் அரசிடம் தன் பெயரில் வாங்கிக்கொண்டதும் அதே ஆல்டஸ்தான். தன் கையால் செதுக்கிய எழுத்தைக் கிரிஃபோவால் வெனிஸ் ஆட்சியில் வேறு யாருக்கும் செய்துதர முடியாமல் போயிற்று.

மனம் கசந்து அவர் ஃபானோ நகரத்துக்குப் போய் சொன்சினோ என்ற அச்சுக்காரருடன் சேர்ந்தார். சாய்வெழுத்தை உண்மையில் படைத்தவர் கிரிஃபோ, ஆல்டஸ் அல்ல என்று சொன்சினோ 1503-இல் தன் நூலின் முன்னுரையிலேயே அச்சிட்டார். 1516-இல் கிரிஃபோ சொந்த ஊரில் தானே சின்னப் புத்தகங்களை வெளியிட்டார். விரைவிலேயே மருமகனைக் கொன்ற வழக்கில் சிக்கினார், அதன் பிறகு அவர் தடமே தெரியவில்லை. பெயர் ஒருவருக்கு, பாடு ஒருவருக்கு! ஆல்டஸை மதிக்கிற நாம் இந்தக் கறையையும் மறைக்கக் கூடாது.

காப்பி அடித்தவர்கள்

அரசு கொடுத்த உரிமை வெனிஸ் எல்லையைத் தாண்டிச் செல்லுபடியாகவில்லை. பிரான்சின் லியோன் நகரத்து அச்சுக்காரர்கள் ஆல்டஸின் புத்தகங்களை அளவு, எழுத்து எல்லாம் அப்படியே காப்பி அடித்து விற்றார்கள். பொறுக்க முடியாத ஆல்டஸ் 1503 மார்ச்சில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். போலிப் புத்தகத்தின் தாள் எப்படி இருக்கும், எழுத்து எப்படி இருக்கும், எந்தெந்தப் பக்கத்தில் என்னென்ன பிழை என்று பட்டியலே போட்டார். லியோன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பட்டியலை வைத்தே பிழைகளைத் திருத்திக்கொண்டு மறுபடி அச்சிட்டுவிட்டார்கள்!

டால்பினும் நங்கூரமும்

1502 முதல் ஆல்டஸின் நூல்களில் ஒரு சின்னம் வந்தது. நங்கூரம் ஒன்றைச் சுற்றிக்கொண்ட டால்பின். டால்பின் வேகம், நங்கூரம் நிதானம். வேகமும் வேண்டும், நிதானமும் வேண்டும் என்பது பொருள். அவர் நாளும் அப்படித்தான் போனது. வேலையைக் கெடுக்க வரும் விருந்தாளிகளுக்காக, வந்த காரியத்தைச் சட்டென்று சொல்லிவிட்டுப் புறப்படும்படி கதவின் மேல் எழுதியே வைத்திருந்தார். 1508-இல் எராஸ்மஸ் என்ற பேரறிஞர் அங்கே தங்கித் தன் பழமொழித் தொகுப்பை எழுத எழுத, பக்கத்திலேயே அச்சுக் கோத்தார்கள்.

1509-இல் வெனிஸ் நகரைப் போர் சூழ்ந்தது. அச்சகம் மூன்று ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 1512-இல் மறுபடி திறந்தார். 1515 பிப்ரவரி 6-ஆம் நாள் காலமானார். சவப்பெட்டியைச் சுற்றி மலருக்குப் பதிலாக அவர் அச்சிட்ட புத்தகங்களை அடுக்கி வைத்தார்கள்.

1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு மென்பொருள் நிறுவனம் ஆல்டஸ் என்றே பெயர் வைத்துக்கொண்டது. 1985-இல் அது கொண்டுவந்த பேஜ்மேக்கர், பக்க வடிவமைப்பை மேஜைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. 1994-இல் அந்த நிறுவனம் அடோபியுடன் இணைந்தது. அதே 1994-இல்தான் சி.எஸ்.எஸ். என்ற யோசனை முன்வைக்கப்பட்டது, 1996 டிசம்பரில் அதன் முதல் தரவரையறை வெளியானது.

நண்பர்களே! இன்று நாம் படிக்கும் ஃப்ரேம்வொர்க் நாளை பழசாகலாம். டூல் மாறும், வெர்ஷன் மாறும். படிக்கிறவரின் கண்ணும் கையும் மாறப்போவதில்லை. ஆகவே பக்கம் செய்யும்போது முதலில் அவரை நினைப்போம். அடுத்தவர் கோடை எடுத்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுவோம். பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் ராத்திரி கண்விழித்த நண்பன் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வோம். ஆல்டஸைப் போல உழைப்போம், ஆனால் நம்மிடையே இன்னொரு கிரிஃபோ உருவாக விடமாட்டோம்!