திருப்பணிச் செல்வி செம்பியன் மாதேவியார்

சைவ சித்தாந்த நூல்களுள் தலைமை சான்ற சிவஞானபோதம், தன் பன்னிரண்டாம் சூத்திரத்தில், மெய்யடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவபரம்பொருள் எனவே கண்டு வழிபடுமாறு உணர்த்துகின்றது. ஆலயத்தைப் பேணுவோர் இறைவன் திருமேனியையே பேணுகின்றனர் என்பது இதனாற் போதரும். புதிதாக ஒரு கோயில் எடுத்தலினும், பழுதுற்ற பழங்கோயிலைப் புதுக்கி நிலைபெறச் செய்தல் பெரும்பயன் விளைப்பது என ஆன்றோர் கூறுவர். அஃது அரிய செயலுமாகும். புதுக்கோயில் எடுப்பார் தம் கருத்தொன்றையே நோக்கிச் செல்லலாம். பழங்கோயிலைத் தம் பொறுப்பில் ஏற்பாரோ, தமக்கு முன் அங்கு வழிபட்டோர்க்கும், நிலமும் பொன்னும் விளக்கும் வழங்கினோர்க்கும், இனி வரப்போகும் அடியவர்க்கும் ஒருங்கே கடன்பட்டவர் ஆகின்றனர். இக்கடனை அறுபது ஆண்டுகள் வழுவாது ஆற்றிய ஒரு பேரரசியின் வரலாறு, புனராவர்த்தத் திருக்குடமுழுக்கைக் கண்டு மகிழும் அன்பர்கள் உள்ளத்திற் பதிக்கத் தக்கதாகும்.

செம்பியன் மாதேவியார் மழவரையர் குடியில் தோன்றியவர். அவர் பிறந்த நாள்மீன் கேட்டை. முதலாம் பராந்தக சோழரின் திருமகனாராகிய கண்டராதித்த தேவருக்கு அவர் வாழ்க்கைத் துணைவியார் ஆயினார். கண்டராதித்தர், முடிசூடிய மன்னராயிருந்தும் சிவபத்தியிலேயே திளைத்த செம்மல். தில்லைப் பெருமான்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையுள் வைத்துப் போற்றப்படுகின்றது. அத்தகைய கணவரோடு வாழப்பெற்ற அம்மையார், மாமனார் பராந்தகர் அரசு வீற்றிருந்த காலத்திலேயே, 941 ஆம் ஆண்டளவில், சிவபெருமான் திருமுன் நந்தாவிளக்கு எரிய அறக்கட்டளை வைத்தமையைக் கல்வெட்டால் அறிகின்றோம். பின்னாளில் பெருகி ஓடிய திருத்தொண்டு என்னும் ஆற்றுக்கு அவ்வொரு விளக்கே ஊற்றுக்கண் எனலாம்.

சோழ நாட்டுக்கு அது நல்ல காலமாக அமையவில்லை. 949 ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் மூத்த இளவரசர் இராசாதித்தர் இராட்டிரகூடரோடு பொருது மாண்டார். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. அதன்பின் ஆட்சிப் பொறுப்பேற்ற கண்டராதித்தரும் 957 ஆம் ஆண்டளவில் சிவபதம் எய்தினார். அப்பொழுது மகனார் மதுராந்தகர் மிக இளம் பருவத்தினர். ஆதலின் அரசுரிமை கண்டராதித்தரின் தம்பியார் அரிஞ்சயருக்கும், அவர்தம் மகனார் சுந்தர சோழருக்கும் முறையே சென்றது. கணவரை இழந்து, கைக்குழந்தையோடு, தம் மகனுக்கு உரிய அரசு பிறர்பால் சென்றதைக் கண்ட ஓர் அரசியார், மனக்கசப்புக்கு இடங்கொடுத்திருப்பின் உலகம் வியந்திராது. மாதேவியாரோ தம் செல்வத்தையும் செல்வாக்கையும் அறிவையும் சிவாலயங்களின்பால் திருப்பினார்.

பின்னர்ச் சுந்தர சோழரின் மூத்த மகனார் ஆதித்தர் வஞ்சகமாகக் கொலையுண்டார். 970 ஆம் ஆண்டையொட்டி மதுராந்தகர் உத்தம சோழர் என்னும் பெயரொடு அரியணை ஏறினார். மகனார் மன்னரான அப்பதினைந்து ஆண்டுகளில் அம்மையாரின் திருப்பணி பன்மடங்கு பெருகியது. 985 ஆம் ஆண்டில் முதலாம் இராசராசர் முடிசூடிய பின்னரும் அது குன்றவில்லை. 1001 ஆம் ஆண்டளவும் அவர்தம் அறச்செயல்கள் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றன. பராந்தகர் முதல் இராசராசர் ஈறாக மன்னர் அறுவர் காலத்தை அவர் கண்டார். அரசு எவர் கையில் இருந்தபோதும் அவர்தம் தொண்டு இடையறவுபடவில்லை என்பது ஓர்ந்துணரத் தக்கது.

மூவர் முதலிகள் பாடிப் பரவிய காவிரிக்கரைத் தலங்களுட் பல அந்நாளில் செங்கற்றளிகளாகவே இருந்தன. தேவாரம் பாடப்பெற்று முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்த அக்காலத்தில், மழையாலும் வெள்ளத்தாலும் மரஞ்செடிகளின் வேராலும் அவை நலிந்திருத்தல் இயல்பே. அவற்றைக் கற்றளிகளாக மாற்றும் பெரும்பணியை மாதேவியார் மேற்கொண்டார். திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரம், திருமுதுகுன்றம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிகா, திருத்துருத்தியாகிய குத்தாலம், திருவாரூர் அரநெறி, ஆனாங்கூர், திருவக்கரை ஆகிய தலங்களில் அவர்தம் திருப்பணி விளங்குகின்றது. இவற்றுட் பலவும் புதிதாகத் தேர்ந்துகொண்ட இடங்கள் அல்ல. முன்னரே பாடல்பெற்றுப் புகழ் நிறைந்த பழம்பதிகளே.

பழம்பதியைப் புதுக்குவார்க்கு ஓர் இடர் உண்டு. அக்காலத்தில் ஊரவரும் வணிகரும் வேளிரும் மன்னரும் கோயிலுக்கு அளித்த கொடைகளெல்லாம் அங்கிருந்த கற்களிலேயே எழுதப்பெற்றிருந்தன. இன்ன நிலத்தின் விளைவு இன்ன பூசைக்கு உரியது, இன்னார் வைத்த பொன்னின் வட்டி இன்ன விளக்குக்கு உரியது என்பதற்கெல்லாம் அந்த எழுத்துகளே சான்று. பழைய கட்டடத்தை நீக்கும்போது அக்கற்களும் பெயர்க்கப்படும். எழுத்து அழிந்தால் உரிமை அழியும். உரிமை அழிந்தால் பூசை தடைப்படும். என்றோ மறைந்த ஓர் ஏழை அடியவர் வைத்த விளக்கும் அணைந்துபோகும். பெரும் பொருள் கொடுத்துப் புதுக்கோயில் எடுக்கும் பேரரசியார், சிறு கொடையாளர்தம் பழங்கணக்கை ஒரு பொருட்டாக எண்ணாது விட்டிருப்பின், அவரைத் தடுத்துக் கேட்பார் எவர்?

திருக்கோடிகாவில் அவர் செய்தது யாதெனில், அக்கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்தபோது, அங்குக் கிடந்த பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுப்பித்துப் புதிய திருச்சுவர்களில் மீண்டும் பொறிப்பித்தார். அவை பழைய கல்லின் படி என்பதும் உடன் குறிக்கப்பெற்றது. பல்லவர் காலத்துக் கொடைகளும், பாண்டியர் காலத்துக் கொடைகளும், சோழர் காலத்துக் கொடைகளும் அங்ஙனம் காக்கப்பெற்றன. பல்லவரும் பாண்டியரும் சோழர் குடிக்கு மாற்றார். எனினும் சிவனுக்குக் கொடுத்த பொருளில் மாற்றார், உற்றார் என்னும் வேறுபாடு இல்லை எனக் கொண்டு, அவர்தம் பெயர்களையும் தாம் எடுப்பித்த சுவரிலேயே அம்மையார் நிலைநிறுத்தினார். மூலக்கற்கள் மறைந்த பின்னரும் அச்செய்திகளை அறிஞர் இன்று படித்தறிய இயலுவது இந்த ஒரு செயலால்தான். நாயன்மார் கண்ட செங்கற்றளிகளை இன்று எவரும் காண இயலாது என்பது உண்மையே. அந்த இழப்பு நேரும் இடத்திலும் இழக்கலாகாதது எது என்பதை அம்மையார் பகுத்தறிந்து காத்தார்.

திருநல்லத்தில் அவர்தம் பண்பின் மற்றொரு கூறு விளங்குகின்றது. அக்கற்றளியைத் தம் கணவர் கண்டராதித்தர் திருப்பெயரால் அவர் எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கப் பெருமானை வழிபடும் திருவுருவம் அங்குச் சிற்பமாக அமைந்துள்ளது. கணவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும், திருப்பணியின் புகழைத் தமக்கு உரியதாகக் கொள்ளாது அவருக்கே உரிமையாக்கினார். அவ்வளவில் நில்லாது, தம் கட்டளையை ஏற்று அக்கோயிலைக் கட்டி முடித்த ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன் என்னும் அரசரணசேகரன் பெயரும் அங்குப் பொறிக்கப்பெற்றது. அவருக்கு இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் சிறப்புப் பெயரும் கிடைத்தது. பொருள் கொடுத்தவர் பெயர் நிற்க, உழைத்தவர் பெயர் மறைந்துபோதலே உலகத்து வழக்கம். அவ்வழக்கத்துக்கு மாறாகக் கண்காணித்துக் கட்டியவர் பெயரையும் கல்லில் நிறுத்தியது இத்திருக்கோயில்.

கட்டடம் முடிந்ததோடு கடன் முடிந்தது என்று அம்மையார் கருதினாரில்லை. நாள்வழிபாடு, திருவமுது, விளக்கு, திருமஞ்சனம், திருநந்தவனம், வாத்தியம் முதலியன இடையறாது நடைபெறத் தக்கவாறு நிலங்களையும் பொன்னையும் வெள்ளியையும் அவர் வழங்கினார். அக்காலத்து நந்தாவிளக்குக் கட்டளை ஒன்றினை நோக்கினால் முன்னோர்தம் நிருவாகத் திறம் விளங்கும். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் இடையர் ஒருவரிடம் ஒப்புவிக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். மூத்த ஆடுகள் கழிய, குட்டிகள் அவ்விடத்தை நிரப்பும். தொகை குறைதல் கூடாது. ஆதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் எனக் கல்வெட்டுகள் வழங்கின. முதலைச் செலவிடாது அதன் பயனைக் கொண்டே அறம் நடத்துதல் என்னும் நெறி இங்ஙனம் அமைந்தது.

இவ்வறங்களை மேற்பார்க்கும் தலைமைப் பணிக்கு ஸ்ரீகாரியம் என்பது பெயர். இந்நாளில் அறங்காவலரும் செயல் அலுவலரும் ஏற்றுள்ள பொறுப்பு அதனோடு ஒப்பது. வரவு செலவு, பண்டாரம், பணிமக்கள், பூசைக் காலம் என எல்லாம் அப்பணிக்கு உட்படும். மாதேவியாரின் பெயரரும் உத்தம சோழரின் மகனாருமாகிய மதுராந்தகன் கண்டராதித்தனார், இராசராசர் ஆட்சிக்காலத்தில் கோயில்களின் கணக்கை ஆராய்ந்து குறை செய்தாரைத் திருத்தும் பணியில் ஈடுபட்டிருந்தார் என வரலாற்றால் அறிகின்றோம். அரியணை ஏறாத அப்பெயரர் கோயில் கணக்கு ஆராயும் தொண்டை ஏற்றமை, பாட்டியார் இட்ட வித்து அக்குடியில் முளைத்தமைக்கு அடையாளம் எனலாம்.

கலைத்துறையிலும் அவர்தம் காலம் ஒரு திருப்பம். முன்னைய சிறு கற்றளிகளில் சிலவே இருந்த தேவகோட்டத் திருவுருவங்கள், அம்மையார் எடுப்பித்த கோயில்களில் எண்ணிக்கை மிகுந்தன. ஆனந்தத் தாண்டவம் புரியும் நடராசப் பெருமான் கோட்டத் திருவுருவாகச் சிறப்பிடம் பெற்றனர். தில்லைக் கூத்தரைப் பாடிய கணவரின் நினைவு அம்மையார் உள்ளத்தில் நிறைந்திருந்ததே இதற்குக் காரணம் என எண்ணுதல் பொருந்தும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த இராசராசர், இம்மூதாட்டியாரின் சிவபத்தியையும் திருப்பணி முறையையும் இளமை முதல் கண்டு வளர்ந்தவர் என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

நாகப்பட்டினத்துக்கு அணித்தாக அம்மையார் பெயராலேயே செம்பியன் மாதேவி என்னும் ஊர் அமைந்தது. அங்குள்ள கைலாசநாதர் திருக்கோயிலில், அவர் பிறந்த கேட்டை நாளில் வழிபாடும் அன்னம் பாலிப்பும் நடைபெற உத்தம சோழரின் தேவியர் கட்டளைகள் வைத்தனர். மருமகளிர் ஒன்றுகூடி மாமியார் பிறந்தநாளைக் கொண்டாட அறம் வைத்தமை, இல்லத்தினுள்ளும் அம்மையார் பெற்றிருந்த அன்பைப் புலப்படுத்தும். அவர் மறைந்த பின், முதலாம் இராசேந்திரர் ஆட்சியில், 1019 ஆம் ஆண்டளவில், அவ்வூர்க் கோயிலில் அவர்தம் திருவுருவம் எழுந்தருளுவிக்கப்பெற்றது. தம் வயிற்றுப் பிறந்தார் மரபு அரசாளாத காலத்தில் நிகழ்ந்த சிறப்பு இது. அதிகாரம் நோக்கி வழங்கிய மரியாதை அதிகாரத்தோடு அகலும். தொண்டு நோக்கி எழுந்த நன்றி பின்னும் நிற்கும்.

இவ்வரலாறு இந்நாளைய திருப்பணிக்கும் வழிகாட்டுவதாகும். கருங்கல் அதிட்டானத்தின் குமுதத்திலும் பட்டிகையிலும் கொடையாளர் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. தரையை உயர்த்திப் புதுத்தளம் இடும்போது அவை மண்ணுள் மறைகின்றன. சுவரில் சுண்ணமும் வண்ணமும் பூசும்போது எழுத்து மூடப்படுகின்றது. மணலை விசையுடன் பாய்ச்சித் தூய்மை செய்தமையால் சில கோயில்களில் எழுத்துகள் தேய்ந்தே போயின. அழகு செய்யும் விருப்பத்தால் நேரும் இத்தீங்கினைத் தவிர்த்தல், பொருள் கொடுப்போர்க்கும் பொறுப்பேற்போர்க்கும் முதற்கடமை. ஒரு கல்லைப் பெயர்க்குமுன் அதில் எழுத்து உளதா என நோக்குதலும், உளதேல் கற்றாரைக் கொண்டு படியெடுத்து வைத்தலும், அக்கல்லை உரிய இடத்திலேயே மீண்டும் அமைத்தலும் பெருஞ்செலவு வேண்டாத சிவபுண்ணியங்கள். முன்னோர் பெயரைக் காப்பவர் பெயரைப் பின்னோர் காப்பர்.

இன்று குடமுழுக்குக் கண்டு மகிழும் அன்பர்கள் அளித்த பொருளும், நாளை ஒரு பழங்கொடையாகி வேறொருவர் கையில் ஒப்புவிக்கப்படும். அவரும் மாதேவியார் போன்ற மனமுடையராய் அமைதல் வேண்டும். அதற்கு இன்றுள்ளார் தமக்கு முன்னிருந்தாரைப் போற்றி வழிகாட்டுதல் வேண்டும். செம்பியன் மாதேவியாருக்குத் துணைநின்ற திருவருள், திருப்பணி செய்தார்க்கும் செய்வித்தார்க்கும் கண்டு தொழுவார்க்கும் என்றும் துணைநிற்பதாக. மேன்மைமிகு சைவநீதி உலகெலாம் விளங்குக.