கல்லூரி கட்டிய பாதிரியாரும் மனைவியின் முதுசமும்

வந்த நாட்டில் நாம் முதலில் கோயிலுக்கு இடம் பார்த்தோம். அடுத்ததாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு வாடகை மண்டபம் தேடினோம். அந்தப் பாடசாலையின் கணக்கைப் பல வருடங்களாக எழுதிவரும் எமக்கு, 150 வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் இதே வேலையைச் செய்த ஒரு நோர்வே நாட்டவரின் கதை தெரிந்த கதை போலவே படுகிறது. பேர்ண்ட் ஜூலியஸ் மூஸ் என்பது அவர் பெயர். லூத்தரன் பாதிரியார். மினசோட்டா மாநிலத்தின் நோர்த்பீல்ட் என்ற சிறு நகரில் இன்று சுமார் 3000 மாணவர்கள் படிக்கும் சென் ஓலாப் கல்லூரியைத் தொடக்கியவர்.

மூஸ் 1832இல் நோர்வேயின் ஸ்னோசாவில் பிறந்தார். அவருடைய தாய்மாமன் ஓலே ரின்னிங் 1837இலேயே அமெரிக்கா போனவர். அந்த நாட்டைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் 1838இல் நோர்வேயில் வெளிவந்தது. அதை வாசித்துப் பல குடும்பங்கள் கப்பல் ஏறின. எழுதிய மாமனோ அதே வருடம் இலினோயில் நோய் கண்டு இறந்துவிட்டார். மருமகன் இன்றைய ஒஸ்லோவில் இறையியல் படித்தார். 1859இல் ஒலினே பிண்ட் என்பவரை மணந்து, அந்த வருடமே மினசோட்டாவின் ஹோல்டன் சபைக்கு வந்து சேர்ந்தார்.

குளிரிலும் பனியிலும் நெடுந்தூரம் பயணம் செய்து, நோர்வேக் குடும்பங்கள் குடியேறிய இடமெல்லாம் சபைகளை உருவாக்கினார். அமெரிக்க அரச பள்ளிகளில் சமயம் இல்லை, அது பிள்ளைகளுக்குப் போதாது என்பது அவர் வாதம். அதற்காகப் பத்திரிகைகளில் வாங்கிக்கட்டியும் இருக்கிறார். 1869இல் தன் வீட்டிலேயே ஒரு பள்ளி தொடங்கினார், அது நிலைக்கவில்லை. ஆனால் மனுசன் விடவில்லை. 1874 நவம்பர் 6ஆம் திகதி மூஸும், நோர்த்பீல்ட் வியாபாரி ஹரால்ட் தோர்சனும், மூன்று கமக்காரர்களும் சேர்ந்து புதிய பள்ளியைச் சட்டப்படி பதிவு செய்தார்கள். 1875 ஜனவரி 8ஆம் திகதி வகுப்புகள் ஆரம்பமாயின. முதல் நாளிலிருந்தே ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது சின்ன விடயமல்ல.

அடுத்த வருடம், 1876 செப்ரெம்பரில், ஜெசி ஜேம்ஸின் கொள்ளைக் கூட்டம் அதே நகரின் வங்கிக்குள் புகுந்தது. ஜோசப் லீ ஹேவூட் என்ற கணக்கெழுதுநர் பெட்டகத்தைத் திறக்க மறுத்து உயிரை விட்டார். நமது தொழிலில் வீரர்கள் குறைவு என்பதால் இதை எழுதாமல் கடக்க மனம் வரவில்லை. 1878இல் குன்றின் மேல் பள்ளியின் பிரதான கட்டடம் எழுந்தது.

அதன்பின் ஒரு வருடம் கழிய ஒலினே கணவர் மீது வழக்குப் போட்டார். நோர்வேயில் இறந்த தன் தந்தை விட்டுப்போன முதுசப் பணத்தைக் கணவர் வாங்கிவைத்திருக்கிறார், அது தனக்குச் சேரவேண்டியது என்பதே வழக்கு. தன் கால் முறிந்தபோதுகூடக் கணவர் வைத்தியரை அழைக்கவில்லை என்றும் முறையிட்டார். நோர்வேச் சட்டப்படி மனைவிக்கு வரும் பணத்தைக் கணவனே ஆளலாம். மினசோட்டாவில் 1869 முதல் மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே. மூஸ் ஊர்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபை கூடி நாள்கணக்காக விசாரித்தது. நோர்வே மொழிப் பத்திரிகைகளுக்கும் அதுவே பேச்சு. 1882இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் ஒலினேயின் உரிமை ஏற்கப்பட்டது. ஆனால் காலம் கடந்ததென்று ஒரு பகுதி கழிபட, மீதிதான் அவருக்குக் கிடைத்தது.

மூஸ் களவெடுத்தார் என்று நாம் சொல்லவில்லை. அது தன் பணம் என்றே அவர் நம்பினார். மற்றவர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவைத் திறந்தவருக்கு, தன் வீட்டுப் பெண் கணக்குக் கேட்டது பொறுக்கவில்லை. எமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. ஊர்க்காணி விற்ற பணத்துக்கு வரி எவ்வளவு என்று கேட்டு எம்மிடம் வரும் குடும்பங்களில் உறுதி பெரும்பாலும் அக்காவின் பெயரில்தான் இருக்கும், கதைப்பது அத்தான். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். இப்போதெல்லாம் நாம் கேள்வியை அவரைப் பார்த்தே கேட்கிறோம்.

1883இல் கணவனும் மனைவியும் சட்டப்படி பிரிந்தார்கள். மூஸ் பாதிரியாராகவே தொடர்ந்தார். சபைகளுக்குள் எழுந்த இறையியல் சண்டையில் பழைய கூட்டாளிகளைவிட்டு விலகினார். 1889இல் பள்ளியின் பெயர் கல்லூரி என்று மாறியது. 1899இல் நோர்வேக்குத் திரும்பியவர் அடுத்த வருடம் அங்கேயே கண்மூடினார். அமெரிக்கா வந்த நோர்வேக்காரரின் வரலாற்றுச் சங்கம் 1925 முதல் அந்தக் கல்லூரியில்தான் இயங்குகிறது. குடியேறியவர்கள் எழுதிய பழைய கடிதங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

ஒலினே தெற்கே அலபாமா மாநிலத்துக்குப் போனார். கணவர் இறந்து 22 வருடங்கள் கழித்து, 1922இல் காலமானார்.