வீடுதோறும் லட்சுமியை அனுப்பியவர்

தாமரைப் பூவின் மேல் நிற்கும் லட்சுமி. பக்கத்தில் ஒரு யானை. இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக் குடியிருப்புச் சுவரிலும் அதைக் காணலாம். மலையை விட்டு இறங்கினால், சேலம் கடைவீதியில் கல்லாப் பெட்டிக்கு மேலேயும் காணலாம். காலண்டர்களில் வரும் லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கெல்லாம் முன்மாதிரி வரைந்து வைத்தவர் ராஜா ரவிவர்மா.

ஆனால் அவருக்கு வர்ணம் கலக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு காலத்தில் ஆள் கிடைக்கவில்லை!

மறைத்து வைத்த வித்தை

1848-ம் ஆண்டு திருவாங்கூர் ராஜ்யத்தில் உள்ள கிளிமானூரில் ரவிவர்மா பிறந்தார். சிறு பையனாக இருந்தபோது வெள்ளைச் சுவரைக் கண்டால் போதும், கரித்துண்டை எடுத்துப் படம் போட்டுவிடுவார். வேறு வீடாக இருந்தால் முதுகில் இரண்டு விழுந்திருக்கும். அவருடைய மாமா ராஜராஜ வர்மா தாமே ஓவியர். அவர் பையனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் சொன்னார்.

14 வயதில் பையனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார் மாமா. ஆயில்யம் திருநாள் மகாராஜாவுக்குப் பையனைப் பிடித்துப் போயிற்று. அரண்மனையில் ராமசாமி நாயக்கர் என்ற ஓவியர் இருந்தார். மதுரைக்காரர். எண்ணெய் வர்ணத்தில் படம் எழுதத் தெரிந்தவர். எந்தப் பொடியை எந்த எண்ணெயில் குழைப்பது, எதன் மேல் எதைப் பூசுவது என்பதெல்லாம் தொழில் ரகசியம். போட்டிக்கு வரப்போகிற பையனுக்கு அதைச் சொல்லித்தர அவர் மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான், குருவுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தாராம்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத்தரச் சம்மதிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கண்ணால் பார்த்ததைத் தாமே கலந்து பார்த்தார், கெடுத்தார், மறுபடியும் கலந்தார். ஐந்து ஆண்டுகளில், 1873-ல், சென்னைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டில் வியன்னா கண்காட்சியிலும் பரிசு பெற்றார்.

பிறகு சமஸ்தானங்களிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. பரோடா மன்னருக்காகப் புராணக் காட்சிகள் 14 வரைந்தார். அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பார்த்தார்கள். திரும்பிப் போனார்கள். படங்களோ அரண்மனையிலேயே தங்கிவிட்டன.

கல்லில் பிறந்த படம்

கும்பகோணத்தில் பிறந்து, திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர் சர் டி. மாதவ ராவ். அவர் 1884-ல் ரவிவர்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வர்ணப் படங்களாக அச்சிட்டால் நாடெங்கும் பரவுமே என்பது அவர் யோசனை. ரவிவர்மா அதற்கு மேலும் ஒரு படி போனார். 1894-ல் பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் ஆரம்பித்துவிட்டார். யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. தொழில் தெரிந்தவர்களும் அங்கிருந்தே வந்தார்கள். முதலில் அச்சானது சகுந்தலை பிறந்த காட்சி.

அது கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் பிசுக்குள்ள மையால் படம் எழுதுவார்கள். கல்லை நீரால் நனைத்துவிட்டு, உருளையால் அச்சு மையைத் தேய்ப்பார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது அல்லவா? ஈரமான இடத்தை விட்டுவிட்டு, எழுதிய இடத்தில் மட்டும் மை பிடிக்கும். இன்று சிவகாசியில் ஓடும் ஆப்செட் யந்திரத்துக்கும் அடிப்படை இதுதான். கல்லுக்குப் பதில் உலோகத் தகடு.

ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். ஒரு படத்துக்குப் பத்துக்கு மேலும் கற்கள் தேவைப்படும். ஓவியர் தூரிகையால் ஒரே இழுப்பில் கொண்டுவந்த கன்னத்துச் சிவப்பை, மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் பிரிக்க வேண்டும். பிறகு ஒன்றின் மேல் ஒன்றாகக் காகிதத்தில் ஏற்ற வேண்டும். மேலே விழும் மை கண்ணாடி போல் இருந்தால்தான் அடியில் உள்ள நிறம் தெரியும். மை நீர்த்துப் போனால் கோடு பரவும். இறுகிப் போனால் காகிதத்தைப் பிய்க்கும். வெயில் தாங்காத சிவப்பைப் போட்டுவிட்டால், சில வருஷங்களில் அம்மனின் முகம் வெளிறிவிடும். காகிதம் நூலிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு உதட்டில் இராது! எல்லாம் முடிந்த பின் மேலே வார்னிஷ் பூசுவார்கள். எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு வந்துவிடும்.

படங்கள் பறந்தன. கோயிலுக்குள் நுழையவே விடப்படாதவர்கள் சாமி படத்தை வாங்கித் தம் வீட்டில் மாட்டினார்கள். பெண்கள் அதன் மேல் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி, லட்சுமிக்குப் புடவை உடுத்தினார்கள்.

கடன்

படங்கள் விற்றும் அச்சகத்தில் பணம் தங்கவில்லை. ரவிவர்மாவும், அவருக்கு வலக்கையாக இருந்த தம்பி ராஜராஜ வர்மாவும் ஓவியர்கள், வியாபாரிகள் அல்லர். கூட்டாளியும் விலகினார். 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. 1899-ல் அச்சகம் லோனாவாலா அருகே மாளவ்லிக்குப் போயிற்று. அங்கும் கடன் தீரவில்லை. 1901-ல் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு அச்சகத்தை விற்றுவிட்டார். அவர் அங்கே வேலை பார்த்த அச்சுத் தொழில் வல்லுநர். யந்திரங்களோடு, பல படங்களை அச்சிடும் உரிமையும் போயிற்று. தாம் எழுதிய சரஸ்வதியின் சேலைக்கு எந்த மை என்று இனி ரவிவர்மா சொல்ல முடியாது. அது ஷ்லைஷரின் பொறுப்பு.

1905 ஜனவரியில் தம்பி இறந்தார். அந்த அடியிலிருந்து அண்ணன் எழுந்திருக்கவில்லை. நீரிழிவும் சேர்ந்துகொண்டது. 1906 அக்டோபர் 2-ந் தேதி கிளிமானூரில் ரவிவர்மா காலமானார். வயது 58.

மாளவ்லியில் யந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. சாமி படங்களோடு வியாபாரிகளின் விளம்பரப் படங்களும் அச்சாயின. 1972-ல் அந்த அச்சகத்தில் தீப்பிடித்து, ஏராளமான படங்கள் கருகிப் போயின.